பழசின் மேலேயே ஒட்டியது

— பரவாயில்லையே. நான் வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு சுவரை மொட்டையடிச்சிட்டீங்களே.

— மூணாவது ஊறிக்கிட்டு இருக்கு. வெந்நீர் தெளிச்சுக் கால் மணி நேரம் விடணும், மகராசி. ஊறினாத்தான் உரியும். அவசரப்பட்டா பேப்பரோட சுவர்ப் பூச்சும் சேர்ந்து வந்துடும்.

— கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்துல நீங்க பொறுமையைப் பத்திப் பேசி இன்னிக்குத்தான் கேக்குறேன்.

— வால்பேப்பர் ஒட்டறவனுக்கு இருக்கிற பொறுமையெல்லாம் சுவருக்கே செலவாயிடும். பொண்டாட்டிக்கு மிச்சம் இருக்காது. சொல்லிக்காட்டு, கேட்டுக்கிறேன். வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷம் கழிச்சு வந்து நிக்கிறவன் கேட்டுத்தானே ஆகணும்.

— நான் ஒண்ணும் சொல்லிக்காட்டலையே. பேப்பரைக் கிழிங்கன்னு மட்டும்தானே சொன்னேன். மெயினை அணைச்சீங்களா? சுவிட்சுக்குள்ள தண்ணி போயிடப் போகுது.

— தொழில்காரன்கிட்டக் கேக்குற கேள்வியா இது? ஏணியை நிறுத்துறதுக்கு முன்னாலேயே அணைச்சாச்சு. ஆமா, என் பையை எப்ப உள்ள கொண்டு வரட்டும்? காலையிலேருந்து வராந்தாவுலேயே கிடக்கு.

— கிடக்கட்டும். உள்ள ஒரே தூசி.

— ரெண்டு சட்டை, ஒரு போர்வை. அதுக்கென்ன தூசி?

— போர்வை தூசி ஆனா யார் துவைக்கிறது? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல நாள் பூராவும் ஊர்ப் போர்வையை வெளுத்துட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தும் உங்க போர்வையா?

— நீ இப்ப அங்க மேற்பார்வைன்னு கேள்விப்பட்டேன். உன் கையிலயா துவைக்கப் போற?

— எல்லாம் கேள்விப்பட்டிருக்கீங்க. பேரப்பிள்ளை பொறந்தது?

— அதுவும் கேள்விப்பட்டேன். மக எப்படி இருக்கா?

— நல்லா இருக்கா. அப்பா வர்றாருன்னு போன்ல சொன்னேன். எதுக்குன்னு கேட்டா.

— நீ என்ன சொன்னே?

— வேலை ஒண்ணு இருக்குன்னேன்.

— வேலைன்னா சொன்னே? மனசு மாறி வர்றாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

— கீழ, தரையோரத்துல ஒரு பட்டை அப்படியே விட்டிருக்கீங்க.

— அது மேசைக்கு மறைஞ்சிடும்.

— மறைஞ்சாலும் எனக்குத் தெரியும்ல. சுரண்டுங்க.

— முட்டி போட்டுத்தான் சுரண்டணும். முட்டி முன்ன மாதிரி இல்ல.

— போடுங்க. மெதுவாவே போடுங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. இந்த நாற்காலியை இப்படித் திருப்பிப் போட்டு உக்காந்துக்கிறேன். ஆங். இதுதான் நல்லாத் தெரியுது.

— எது?

— ஒண்ணும் இல்ல. ஒன்பது வருஷமா எனக்கு ஒரே ஆசை, நீங்க என் முன்னால ஒரு நாளாவது மண்டி போடணும்னு. இப்படிக் கையில சுரண்டுற தகடோட போடுவீங்கன்னு நினைக்கல. ஆனாலும் நல்லாத்தான் இருக்கு.

— திட்டணும்னா நேரடியாத் திட்டிடேன்.

— திட்டினா ஆறிடும். எனக்கு ஆற வேண்டாம். நீங்க சுரண்டுங்க.

— ம்.

— அவ எப்படிச் செத்தா?

— யாரு?

— யாருன்னு கேக்குறீங்களே. யாருக்காக என்னையும் பதினஞ்சு வயசுப் பொண்ணையும் விட்டுட்டுப் போனீங்களோ, அவ.

— அதான் போன வாரம் போன்லேயே சொன்னேனே.

— போன்ல இரைச்சல். இப்ப நேர்ல சொல்லுங்க, கேக்குறேன்.

— என்னத்தைச் சொல்ல. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டா. மூணு மாசம் படுத்த படுக்கை. உடம்புல ஒண்ணொண்ணா நின்னுச்சு. நான்தான் கூடவே இருந்தேன். வேலைக்குப் போகல, வெளியில போகல. கஞ்சி காய்ச்சி ஊட்டினது, மருந்து கொடுத்தது, எல்லாம் இந்தக் கைதான். என் மடியில தலை வெச்சுத்தான் போனா.

— போன்ல மாரடைப்புன்னீங்க. தூக்கத்துலேயே போயிட்டான்னு.

— அது... கடைசியில நின்னது இதயம்தானே. எல்லாருக்கும் கடைசியில அதுதானே நிக்குது.

— அதுவும் சரிதான். படுத்த படுக்கைன்னா, விரிப்பு எத்தனை தடவை மாத்துவீங்க?

— என்ன கேள்வி இது?

— என் தொழில் கேள்வி. உங்களுக்குப் பசை மாதிரி எனக்கு விரிப்பு. சொல்லுங்க.

— தினமும் மாத்துவேன். காலையில ஒரு தடவை.

— ஒரே ஒரு தடவை.

— ஏன், பத்தாதா?

— எழுந்திருக்க முடியாத நோயாளி ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு நாலு விரிப்பு வரும் எங்ககிட்ட. குறைஞ்சது மூணு. நீங்க மூணு மாசமும் ஒண்ணுலேயே ஒப்பேத்தியிருக்கீங்க. கெட்டிக்காரர்தான்.

— நான் என்ன நர்ஸா? தெரிஞ்ச வரைக்கும் பாத்தேன்.

— நோயாளிகிட்டப் போனாலே உங்களுக்கு வாடை ஆகாதே. எங்கம்மா படுத்திருந்தப்ப வாசல்படியில நின்னே எட்டிப் பாத்துட்டு, வெளியூர்ல வேலைன்னு கிளம்பின மனுஷன்தானே நீங்க? அதான் கேக்குறேன். அவளுக்குன்னா வாடை வரலையோ?

— மனுஷன் மாற மாட்டானா? நானும் மாறிட்டேன்னு வெச்சுக்கோயேன். சத்தியமாச் சொல்றேன், அவ போனதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நண்பன் கடைக் குடோன்ல படுத்துக் கிடக்கேன். பெயிண்ட் டப்பாவுக்கு நடுவுல. அப்பத்தான் உன் நினைப்பு வந்துச்சு.

— டப்பாவுக்கு நடுவுல வந்துச்சா. நல்ல இடம்தான்.

— சிரிக்காதே. ஒரு டீ கிடைக்குமா?

— தண்ணி இருக்கு. டீ வேலை முடிஞ்சப்புறம்.

— சரி, தண்ணியாவது கொடு.

— இந்தாங்க. எங்க ஆஸ்பத்திரிக் கதை ஒண்ணு சொல்றேன், குடிச்சுக்கிட்டே கேளுங்க. ஏழெட்டு மாசம் முன்னால ஒரு பொம்பளையக் கொண்டு வந்து சேத்தாங்க. வீட்டுல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சு. கொண்டு வந்தவங்க பக்கத்து வீட்டுக்காரங்க. மூணு நாள் ஆச்சு, சொந்தம்னு ஒரு ஈ காக்கா வரல. துணிவண்டியோட நான் அந்த வார்டுக்குப் போனா, அவ வாசலையே பாத்துக்கிட்டு இருப்பா.

— புருஷன் இல்லையா?

— இருக்கான். நர்ஸ் அவன் நம்பருக்கு அடிச்சு அடிச்சு ஓஞ்சு போனா. எடுக்கவே இல்லையாம்.

— சே. என்ன ஜென்மம். இந்த மாதிரி ஆளையெல்லாம்...

— சொல்லுங்க. இந்த மாதிரி ஆளை என்ன செய்யலாம்?

— செருப்பால அடிக்கணும்.

— அது போதும்ங்கறீங்களா?

— நடுரோட்டுல நிக்க வெச்சு அடிக்கணும். பொண்டாட்டி எலும்பு உடைஞ்சு கிடக்கா, போனை எடுக்கலேன்னா அவன் மனுஷனா? நானெல்லாம் மூணு மாசம்...

— கூடவே இருந்தீங்க. சொன்னீங்களே. அந்த ஜன்னல் சுவர் ஊறியிருக்கும், பாருங்க.

— ஊறிடுச்சு. இங்க பாரேன், நுனியைப் பிடிச்சு இழுத்தா முழு நீளத்துக்கு எப்படி வருது பாரு. என் ஒட்டு அப்படி. எங்கேயும் குமிழி கிடையாது, இணைப்பு தெரியாது. நீலப் பூவும் கொடியும் ஒரு சுருள்லேருந்து அடுத்த சுருளுக்கு எப்படிப் பொருந்தியிருக்கு பாத்தியா? ஊர்ல வேற எவனும் இப்படி ஒட்ட மாட்டான்.

— ஒட்டறதுல உங்களை மிஞ்ச ஆளில்ல. வெட்டறதுலயும்தான். என்ன அது, இழுத்த உடனே சுருட்டிச் சுருட்டிச் சாக்குக்குள்ள போடுறீங்க?

— குப்பைதானே. காலுக்கு வழுக்கும்.

— காலையிலேருந்து எல்லாத்தையும் அப்படியே கட்டி வெச்சிருக்கீங்களே. ரெண்டு மூட்டை, வாயைக் கட்டி. பரவாயில்ல, சுத்தம் சோறு போடும்பாங்க. அடுத்து அந்த பீரோவை நகர்த்திட்டு அந்தச் சுவரையும் முடிச்சிடுங்க.

— பீரோ எதுக்கு? அதுக்குப் பின்னால யாருக்குத் தெரியப் போகுது? அந்த இடத்தை விட்டுடலாம்.

— பீரோ இந்த அறையில இருக்கப் போறதில்ல. கட்டில் அந்தப் பக்கம் வருது.

— கட்டிலா? யாருக்குக் கட்டில்?

— அறைன்னா கட்டில் வேண்டாமா? பிடிங்க, நானும் ஒரு கை கொடுக்குறேன்.

— இரு. இவ்வளவு பெரிய பீரோ. உனக்கு இடுப்பு பிடிச்சுக்கும்.

— தினமும் ஈரத்துணி மூட்டையைத் தூக்குறவ நான். தள்ளுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். போதும்.

— ம்.

— இது என்ன?

— எது?

— இங்க நீலப் பூவே இல்லையே. மஞ்சளாக் கோடு கோடா இருக்கே. இது என்னோட மஞ்சள் பேப்பர் இல்ல?

— அது வந்து...

— கல்யாணமான புதுசுல உங்க சாம்பிள் புத்தகத்தை மடியில வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் புரட்டி நான் எடுத்த பேப்பர். எலுமிச்சை மஞ்சள். நம்ம மக இந்த மஞ்சளைப் பாத்துத்தான் வளர்ந்தா. நீலத்தை ஒட்டினப்ப என்ன சொன்னீங்க? பழசை நகக்கண் தேயத் தேய உரிச்சு எடுத்தேன்னு சொன்னீங்க. ஞாபகத்துக்கு ஒரு துண்டு கொடுங்கன்னு கேட்டேன். தூள் தூளாப் போச்சு, குப்பையில கொட்டிட்டேன்னு சொன்னீங்க.

— இங்க மட்டும்தான் விட்டுப் போச்சு.

— இங்க மட்டும்தானா? அந்த மூட்டையை அவுருங்க.

— எதுக்கு, குப்பையைக் கிளறிக்கிட்டு...

— நானே அவுக்குறேன். ஓஹோ. ஒவ்வொரு நீலத்துக்கு முதுகுலயும் என் மஞ்சள் ஒட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கு. அதான் நான் வர்றதுக்குள்ள கட்டி வெச்சீங்களா. உரிக்கவே இல்ல. பழசு மேலேயே புதுசை ஒட்டியிருக்கீங்க.

— நாள் இல்லடி. ஒரே நாள்ல முடிக்க வேண்டியிருந்துச்சு. இது தொழில்ல எல்லாரும் பண்றதுதான். கீழ இருக்கிறது கெட்டியா இருந்தா மேலேயே ஒட்டிடலாம், ஒண்ணும் ஆகாது.

— கீழ இருக்கிறது கெட்டியாத்தான் இருந்துச்சு. அந்த தைரியத்துலதானே எல்லாத்தையும் பண்ணீங்க.

— பேப்பரைப் பத்திப் பேசுறேன் நான்.

— நானும் பேப்பரைப் பத்தித்தான் பேசுறேன். ஒரே நாள்ல ஏன் முடிக்கணும்? யாரு துரத்தினா?

— உனக்காகத்தான். மறந்துட்டியா? உங்கம்மா போய்ப் பத்து நாள் கழிச்சு நீ திரும்பி வர்ற. அழுது அழுது முகமெல்லாம் வீங்கிக் கிடந்தே. வந்ததும் அறை புதுசா இருந்தா மனசு கொஞ்சம் மாறும்னு பாத்துப் பாத்துப் பண்ணேன். நீ கூட இந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பாத்தியே. அன்னிக்கு அழுகையை நிறுத்தினியே.

— நிறுத்தினேன். என் புருஷன் மாதிரி உண்டான்னு வேலையிடத்துல எல்லார்கிட்டயும் சொன்னேன். அதை நினைச்சாத்தான் இன்னிக்கும் உடம்பு எரியுது. நீங்க போனது கூட அவ்வளவு எரியல. அந்த நாலு நாள் நான் சந்தோஷமா இருந்தேனே, அதுதான் எரியுது.

— ஏன், அது பொய்யா?

— பீரோவுக்குப் பின்னால நீலம் ஏன் ஒட்டல?

— சுருள் பத்தல.

— தொழில்காரன் நீங்க. சுவரைக் கண்ணால பாத்தே எத்தனை சுருள்னு சொல்லுவீங்க. ஒரு முழம் கூடக் குறைய வராதுன்னு கல்யாணத்துக்கு முன்னால எங்கப்பாகிட்டப் பெருமை அடிச்சுக்கிட்டீங்க. சொந்த வீட்டு அளவு உங்களுக்குத் தப்புமா?

— ஒரு சுருள் தண்ணியில நனைஞ்சு போச்சு.

— அப்ப இன்னொண்ணு வாங்க வேண்டியதுதானே?

— அந்த வரத்து முடிஞ்சு போச்சு. அடுத்த வரத்துல நிறம் கொஞ்சம் மாறும். பக்கத்துல பக்கத்துல ஒட்டினா பல்லைக் காட்டும். அதனால பீரோவை வெச்சு மறைச்சேன். இதுல என்ன குத்தம்?

— நல்லாச் சொல்றீங்க. கேக்குறவ கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியும்னு சும்மாவா சொன்னாங்க. இப்ப நான் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. இந்த நீலம் எனக்காக வாங்கினதே இல்ல. வேற ஒரு வீட்டுக்கு வாங்கினது. பூவை எடுத்ததும் நான் இல்ல, அந்த வீட்டுக்காரி. நீங்க கடை வாசல்ல சுருளை வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தப்ப என் தம்பி அந்தப் பக்கமா வந்தான். மாமா, அக்கா வீட்டுக்கான்னு கேட்டான். வாய் தவறி ஆமான்னுட்டீங்க. சொன்னப்புறம் இங்கயும் ஒட்டித்தானே ஆகணும்? இல்லேன்னா தம்பி வந்து பாத்துட்டுக் கேப்பானே. அங்க ரெண்டு அறையை நிதானமா ஒட்டி முடிச்சிட்டு, மிச்சத்தைக் கொண்டு வந்து, நான் வர்றதுக்கு முந்தின நாள் இங்க அப்பினீங்க. பழசை உரிக்க நேரம் இல்ல. சுருளும் பத்தல.

— யாரு... உன் தம்பி சொன்னானா?

— தம்பிக்கு வண்டியில ஏத்தினது வரைக்கும்தான் தெரியும். எங்கம்மா செத்த அந்த வாரத்துல நீங்க இன்னொருத்தி வீட்டுச் சுவரை அழகு பண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்க. வீட்டை விட்டுப் போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலேயே. போனப்ப என்ன சொன்னீங்க? மூணு மாசப் பழக்கம்தான், சத்தியமா மூணே மாசம்னு மக தலையில கை வெச்சீங்க.

— பழசையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறுறே?

— கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னுவாங்க. உங்க புளுகு சுவர்ல பதினோரு வருஷம் நின்னிருக்கு. அந்த மட்டுல பசை நல்ல பசைதான்.

— சரி. தப்புதான். நான் ஒண்ணும் உத்தமன் இல்ல. அதுக்காகத்தானே காலையிலேருந்து நாய் மாதிரி முட்டி போட்டுச் சுரண்டிக்கிட்டு இருக்கேன். நீ என்ன வேணாலும் சொல்லு, ஒரு மூலையில இடம் கொடு. வயசு அறுபதைத் தொடப் போகுது. குடோன்ல இனிமே இருக்க முடியாதுன்னு நண்பன் சொல்லிட்டான். எனக்குப் போக வேற இடம் இல்ல.

— இப்பத்தான் முதல் தடவையா உண்மை பேசுறீங்க.

— அதான் கேக்குறேன். இந்த அறை எனக்கு இல்லேன்னாலும் ஹால்ல படுத்துக்கிறேன்.

— இந்த அறை உங்களுக்குன்னு நான் எப்பவாவது சொன்னேனா?

— அறை தயார் பண்ணணும், வந்து பேப்பரைக் கிழிச்சுக் கொடுங்கன்னே. வேற யாருக்குன்னு நான் நினைப்பேன்?

— நினைச்சுக்கிட்டீங்க. பழம் நழுவிப் பால்ல விழுந்துச்சுன்னு. அறை என் தங்கச்சிக்கு.

— உனக்கு ஏது தங்கச்சி? உனக்கு ஒரே ஒரு தம்பிதானே.

— இப்ப ஒருத்தி இருக்கா. ஏழு மாசமா.

— என்ன உளர்றே?

— தகட்டை அழுத்தாதீங்க, சுவர் பேந்துடுச்சு பாருங்க.

— கை வழுக்கிடுச்சு. யாரு அந்தத் தங்கச்சி?

— ஆஸ்பத்திரிக் கதையைப் பாதியில விட்டுட்டேனே. நீங்க அந்த ஆளை நடுரோட்டுல நிக்க வெச்சு அடிக்கணும்னீங்க, அதுல எனக்கு மனசு நிறைஞ்சு போய் நிறுத்திட்டேன். மிச்சத்தையும் கேளுங்க. மூணாம் நாள் அந்த நர்ஸ் வெறுத்துப் போய், இந்த நம்பரைப் பாருங்கக்கா, நாப்பது தடவை அடிச்சாச்சுன்னு எங்கிட்டச் சீட்டைக் காட்டினா. பாத்தேன். எனக்குச் சீட்டே தேவையில்ல, மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர். மகளுக்குக் கல்யாணம்னு சொல்ல நான் அடிச்ச நம்பர். பேரன் பொறந்தான்னு அடிச்ச நம்பர். ஒன்பது வருஷமா எடுக்காத நம்பர்.

— அது... என் நம்பர்.

— உங்க நம்பரேதான். அப்புறம் அவ கட்டிலுக்குப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னுதான் போனேன். ஒன்பது வருஷமா சேத்து வெச்சிருந்தேன், ஒவ்வொரு வார்த்தையும். போனா, அவளால திரும்பிக்கூடப் படுக்க முடியல. விரிப்பு நனைஞ்சு கிடந்துச்சு. அவரு வண்டி கூப்பிட்டுட்டு வர்றேன்னு போனாருக்கா, வழியில என்ன ஆச்சோன்னு எங்கிட்டயே அழுதா. நான் யாருன்னு அவளுக்குத் தெரியாது.

— போதும்.

— போதாது. விரிப்பை மாத்தினேன். கேள்வியையெல்லாம் முழுங்கிக்கிட்டேன். அவளுக்குன்னு வெச்சிருந்த ஆத்திரம் எங்கேயும் போகல, ஒரு சொட்டு சிந்தாம உங்க கணக்குல வந்து சேர்ந்துச்சு. நான் யாருன்னு பத்தாம் நாள்தான் சொன்னேன். கால்ல விழப் பாத்தா, இடுப்பு விடல. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து ஒவ்வொண்ணாப் பொருத்திப் பாத்தோம். நீங்க சுருளுக்குச் சுருள் பூவைப் பொருத்துவீங்களே, அந்த மாதிரி. ஒரு இடத்துலயும் இணைப்பு தெரியல. அவ்வளவு சரியாப் பொருந்துச்சு.

— எனக்குப் பயம் வந்துடுச்சு. அவ கத்தின கத்தல்... வண்டி கூப்பிடத்தான் போனேன். சத்தியமா. கால் அப்படியே நடந்துக்கிட்டே போயிடுச்சு.

— குடோன் வரைக்கும் நடந்துச்சு. தெரியும். போன வாரம் எனக்குப் போன் பண்ணி, அவ செத்துட்டா, நான் தனியாளாயிட்டேன்னு அழுதீங்களே, அப்ப அவ என் பக்கத்துலதான் உக்காந்து உங்க பேரனுக்குச் சட்டைப் பொத்தான் தச்சுக்கிட்டு இருந்தா. ஸ்பீக்கர்ல போட்டேன்.

— ஐயோ.

— நான் கூட அழுவாளோன்னு பாத்தேன். அழல. வரச் சொல்லுங்கக்கான்னா. இந்த அறைக்கு வந்துடுன்னு நான் ரொம்ப நாளாக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன், அவ மாட்டேன்னுட்டு இருந்தா. அவ வீட்டுலயும் இதே நீலப் பூதானே. படுத்துக்கிட்டு அதையே பாத்துப் பாத்து, இப்ப கண்டாலே குமட்டுதாம். ஆள் வெச்சுக் கிழிச்சிடலாம்னேன். எதுக்கு வேற ஆளு, ஒட்டினவரே வந்து கிழிக்கட்டும்னா. நான் கூட அவ்வளவு தூரம் யோசிக்கல.

— நான் போயிடுறேன்.

— அந்தச் சுவர் பாக்கி இருக்கு.

— என்னால முடியாது. என் பையை எடுத்துக்கிட்டு இப்பவே போயிடுறேன். அவ வர்றதுக்கு முன்னால.

— பை உள்ள வரவே இல்லையே, எடுக்கிறதுல ஒண்ணும் சிரமம் இருக்காது. ஆனா வாசல் ஒண்ணுதான்.

— வண்டிச் சத்தம் கேக்குது.

— நாலு மணிக்கு வர்றேன்னா. சொன்ன நேரத்துக்கு வர்றவ அவ.

— பின்பக்கம் கதவு இருந்துச்சே.

— நீங்க வீட்டை விட்டுப் போன அந்த வருஷமே அடைச்சுட்டேன். கதவைத் தட்டுறா, போய்த் திறங்க.

— நான் மாட்டேன். கையெல்லாம் பசை.

— அப்ப நில்லுங்க, அப்படியே அந்தச் சுவர்கிட்டயே நில்லுங்க. நானே திறக்குறேன். வா, வா. கோலைப் பாத்து ஊனு, தரையெல்லாம் ஈரப் பேப்பர். என் தோளைப் பிடிச்சுக்கோ.

— பிடிச்சுக்கிட்டேன்க்கா. மூணு சுவர் முடிஞ்சிடுச்சு போல, அறையே வெளிச்சமா இருக்கு. ஆமா, இன்னிக்கு நான் என்ன நோவுல செத்தேன்னு சொன்னாரு?